படிக்கட்டு வரை ஒரு கருப்புக் கட்டம்

பார்க்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஒருவர், பார்த்தே தீர வேண்டிய நாள் வந்தால் என்ன செய்வார்? திரையக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அவள் அதை ஒரு கேள்வியாக எடுத்து வைத்து யோசித்தவள் அல்ல. கேள்விதான் ஒரு நாள் காலை, வீட்டில் ஆளாளுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தது.

திரையக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். நகரத்தில் கம்பத்துக்குக் கம்பம் கேமரா. அத்தனை படமும் வந்து சேருகிற கட்டுப்பாட்டு அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். எதிரே வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்க்கிறவர்கள். ஏசி குளிர் தாங்காமல் எல்லோரும் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். அவள் மேஜை மட்டும் மூலையில், பெரிய சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

கேமரா தெருவைப் பார்க்கும்போது தெருவோர வீடுகளையும் சேர்த்துத்தான் பார்க்கும். ஜன்னல், பால்கனி, மொட்டை மாடி, பாதி திறந்த கதவு. இவற்றின் மேல் மவுஸால் ஒரு கருப்புக் கட்டம் இழுத்து மூடுவது அவள் வேலை. புதுக் கம்பம் நட்டால் அதன் படம் முதலில் அவளுக்கு வரும். லாரி இடித்துக் கம்பம் சாய்ந்தால், அதை நிமிர்த்தியபின் மறுபடி வரும். ஏனென்றால் கேமரா ஒரு விரல் அளவு திரும்பினாலும் கட்டம் ஜன்னலை விட்டு நகர்ந்து பக்கத்துச் சுவரை மூடிக்கொண்டு நிற்கும். பகலில் ஒன்றும் தெரியாத ஜன்னல், விளக்குப் போட்டதும் அறை முழுவதையும் காட்டிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பகலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை பார்த்துத்தான் மூடவேண்டும். ஊர் ஜன்னல்களையெல்லாம் மூடுவதற்காக ஊர் ஜன்னல்களையெல்லாம் பார்த்த ஒரே ஆள் அவள் என்பதை யாரும் அவ்வளவாக யோசித்ததில்லை. அவள் யோசித்திருக்கிறாள். அதனாலேயே பேருந்தில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார மாட்டாள்.

இந்த வேலை உண்டானதே ஒரு கேவலத்தால்தான். முன்பு அந்த அறையில் இருந்த சிலர், பெண்கள் விடுதி ஒன்றின் ஜன்னல்களைக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு நிற்காமல் படத்தைப் போனுக்குப் போன் அனுப்பியும் இருக்கிறார்கள். வழக்கு வந்தது, நீதிமன்றம் வீடுகளின் மேல் இப்படிக் கருப்புத் திரை போடச் சொன்னது. ஆனால் திரை போடுகிற நாற்காலிக்கு ஆள் வரவில்லை. பார்க்கிற வேலையில் ஒரு அதிகாரம் இருக்கிறது, மூடுகிற வேலையில் என்ன இருக்கிறது? மனை வரைபடப் பிரிவில் கோடு போட்டுக்கொண்டிருந்த இவளைக் கேட்டார்கள். சரி என்றாள்.

ஏன் சரி என்றாள் என்பதற்கு அவள் கணவன் ஒரு காரணம் வைத்திருந்தான். அவள் பிறந்த வீட்டில் ஒரே அறை, ஏழு பேர். அறைக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டு அதற்குப் பின்னால்தான் அக்கா தங்கைகள் உடை மாற்றுவார்கள். அந்தப் போர்வையை யாராவது விலக்கிவிடுவார்களோ என்று காவல் நிற்பது கடைக்குட்டியான இவள் வேலை. "அப்பப் பிடிச்ச டியூட்டி, இன்னும் விடல" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டுக்குள்ளும் போய் எதையும் திறந்து பார்க்கிறவன்.

அவளுடைய கவனத்தை அறம் என்று சொல்வது கொஞ்சம் அவசரம். பழக்கம் என்று சொன்னால் கிட்டத்தில் வரும். மகன் அறைக்குள் போகுமுன் ஒரு செருமல் செருமுவாள். மகன் வளர்ந்த பிறகு அந்தச் செருமல் வீட்டுக்கு ஒரு காலிங் பெல் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அவள் ஒரு தப்புச் செய்திருந்தாள். அந்த வேலையில் இருக்கிறவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மஞ்சள் வீடு. மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளிப்புறமாக, தெருவைப் பார்த்தபடி ஏறும். உச்சியில் மாடி வீட்டுக் கதவு. விதிப்படி கதவையும் ஜன்னலையும் மூடலாம். படிக்கட்டைக் கூடாது, அது தெருவோடு சேர்ந்தது. அந்தக் கேமராவை அவள் சரிபார்த்த சாயங்காலங்களில், அந்த வீட்டில் அப்போது குடியிருந்த ஒரு பெண் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே அழுவாள். வீட்டுக்குள் அழ இடமில்லாமல் வெளியே வந்து அழுகிறவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. இன்னும் நாலு பேர் பெரிய சுவரில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்காமல், திரையக்கா கட்டத்தின் அடிக்கோட்டைப் பிடித்துக் கடைசிப் படி வரைக்கும் இழுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். வேறு குடும்பம் வந்தது. கட்டம் அப்படியே நின்றது.

இதை அவள் ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள். அலுவலக விஷயம் வீட்டுக்கு வரக்கூடாது என்பது விதி. அன்றைக்கு ஏனோ வாய் நிற்கவில்லை. கணவன், "ஊர்ல அழறவங்களுக்கெல்லாம் நீதான் கைக்குட்டை" என்றான். மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கலவரம். கட்டண உயர்வை எதிர்த்துப் பஸ் நிலையத்தில் கூட்டம் கூடி, அந்தி நேரத்தில் கல் பறந்து, டிக்கெட் அலுவலகக் கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்த ஊழியர் ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. போலீஸ் அந்த வட்டாரத்து டவரில் அந்த நேரம் பதிவான போன் எண்களையெல்லாம் வாங்கியது. அதில் இளைஞர்களைப் பொறுக்கி, கேமராவில் முகம் தெரிந்தவர்களைக் கழித்து, மிச்சம் இருந்தவர்களைச் சந்தேகத்தில் வைத்தது. எங்கும் தெரியாதவன்தான் ஒளிந்திருந்தவன் என்பது அவர்கள் கணக்கு.

மூன்று வாரத்துக்கும் மேல் ஆன பிறகு, ஒரு காலை, மகன் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தபோது வந்து அழைத்துப் போனார்கள்.

"சும்மா விசாரணைதாம்மா" என்றார் வந்தவர். சட்டை மாற்ற விட்டார்கள். அறைக் கதவை மூடவிடவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. ஸ்டேஷனில் இரண்டு மர பெஞ்சுகளில், எதிரெதிராக, ஒரு கான்ஸ்டபிள் காதுக்கு எட்டும் தூரத்தில் அம்மாவையும் மகனையும் உட்கார வைத்தார்கள். கான்ஸ்டபிள் டீ வாங்க எழுந்து போன இடைவெளியில்தான் அவன் பேசினான்.

"நான் அங்க இல்லம்மா."

"எங்கடா இருந்த? அத முதல்ல சொல்லு."

"பின்தெருவுல. மாடிப்படியில."

"எந்த மாடிப்படி?" கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உன் மாடிப்படிதான். மஞ்சள் வீடு."

"அங்க எதுக்குடா போன, கடவுளே?"

"கூடப் படிக்கிற பொண்ணு வீடு. அவ கதவத் திறக்கல. நான் வெளிய உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே."

"அவள இழுக்காத. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாரு. அதனாலதான் போலீஸ்கிட்ட சொல்லல. நீயும் சொல்லக் கூடாது."

"வேற இடமே கெடைக்கலையா உனக்கு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. "எங்க உக்கார? எங்க திரும்பினாலும் உங்க ஆபீஸ் கண்ணுதான். ஊர்லயே கேமராவுக்குத் தெரியாத இடம் அது ஒண்ணுதான்னு நீதானம்மா சொன்ன."

கான்ஸ்டபிள் டீயோடு வந்துகொண்டிருந்தார். மகன் குரலை இறக்கி வேகமாகச் சொன்னான். "படத்தத் திறந்து பாக்கச் சொல்லு. நான் அங்க இருந்தது தெரியும். ஆனா நீ பாக்காத. வேற யாராவது பாக்கட்டும். நீ மட்டும் வேண்டாம்."

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். "என்னம்மா, கால்ல சக்கரமா?" என்றார் கான்ஸ்டபிள்.

கட்டத்துக்குக் கீழே இருக்கிற படம் உடனே அழிந்துவிடாது. தனியாகப் பூட்டிக் கிடந்து ஒரு மாதம் கழித்துத் தானாக அழியும். அதற்குள் நீதிபதியின் உத்தரவு வந்தால், அவளும் மேலாளரும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டுத் திறக்கலாம். அழியாமல் நிறுத்திவைக்கவும் அதே உத்தரவுதான் வேண்டும். உத்தரவுக்கு அவள் போய்ப் பார்த்த வக்கீல் கேட்டது பத்து நாள். படம் அழிய இருந்தது நான்கு நாள்.

மேலாளருக்கு ஆமாங்க சார் என்று பெயர். மேலிடத்திலிருந்து போன் வந்தால் "ஆமாங்க, ஆமாங்க" தவிர வேறு சொல் அவர் வாயில் வராது. கெட்டவர் அல்ல. தன் கதவைச் சாத்திக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, உங்க பையன சின்ன வயசுல நான் தூக்கி வச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் பாஸ்வேர்டு போட்டா அரை நிமிஷ வேலை. பாத்துடுவோமா?"

"பாத்து? எப்படித் திறந்தீங்கன்னு கோர்ட்டுல கேட்டா?"

"கேப்பாங்க." அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அதுக்குத்தான் இன்னொரு வழி. மேல ஒரு கமிட்டி உக்காந்திருக்கு. திரையெல்லாம் எடுத்துடலாமான்னு. அவங்களுக்கு ஒரு கேஸ் வேணும். திரை போட்டதால விசாரணை தடைபடுதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. திரை போடற ஆளே சொன்னா, அதுவும் ஒரு அம்மா சொன்னா, அதுக்கு மேல என்ன வேணும்? அவசர உத்தரவு அவங்க கையிலயே இருக்கு. அன்னைக்கே திறந்துடலாம். சட்டப்படி."

"முழுக்கட்டமும் திறக்குமா சார்? ஜன்னல், கதவு எல்லாம்?"

"எல்லாந்தான். பாதி திறக்கறதுன்னு ஒண்ணு இருக்கா?"

வெளியே வந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண், போக்குவரத்துத் திரைகளைப் பார்க்கிறவள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள். "என்னக்கா சொல்றாரு?"

"எழுதிக் குடுக்கச் சொல்றாரு."

"குடுத்துடுங்கக்கா. ஜன்னல் தெரிஞ்சா என்ன, தப்புப் பண்றவங்கதான் பயப்படணும்."

"உன் போனக் குடு, பாக்கறேன்."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. கணவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்ன யோசனை இதுல? எழுதிக் குடுத்துட்டு வா."

"குடுத்தா ஊர்ல இருக்கற எல்லாத் திரையும் போயிடும்."

"போகட்டுமே. ஊரான் வீட்டு ஜன்னல் பெருசா, உன் பையன் பெருசா?"

"பையன்தான் பெருசு."

"அப்புறம்?"

அவள் எழுந்தாள். காய்ந்து கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். ஜன்னல் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். மூடியிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத" என்றான் கணவன். குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்குப் போறேன். ஃபிரிட்ஜத் தெறந்தாலே அந்த வீட்டு நெலம தெரிஞ்சுடும். சில வீட்டுல தண்ணி பாட்டில் மட்டும் இருக்கும். பாக்காத மாதிரி வேலையப் பாத்துட்டு வந்துடுவேன். அதுக்காகத் தெறக்காமலே ரிப்பேர் பண்ண முடியுமா?"

"தெறக்கற கதவ மட்டும்தானே தெறக்கறீங்க. அவங்க பீரோவத் தெறக்கறதில்லையே."

சொன்ன வாக்கில் கையிலிருந்த சட்டையோடு அப்படியே நின்றாள். மகனுடைய சட்டை.

பயத்தில் அவள் அந்தக் கட்டத்தை ஒரே கருப்பாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரே கருப்பு அல்ல. மேல் பாதி சட்டம் போட்டது. கீழ்ப் பாதி அவள் போட்டது. மேல் பாதிக்குத்தான் நீதிபதி வேண்டும். கீழ்ப் பாதி வெறும் தப்பு. தப்பாகப் போட்ட கட்டத்தைப் போட்டவரே மேலாளர் முன்னிலையில் திருத்தலாம், திருத்தினால் பூட்டிக் கிடக்கிற படத்திலும் அந்த இடம் திறந்துகொள்ளும் என்று விதியிலேயே இருந்தது. அவள் சரியாகக் கோடு போட்டிருந்தால், மகன் படியேறியது கலவரத்தன்றே சுவரில் தெரிந்திருக்கும். பார்த்திருந்தால் போலீஸார் அவனைக் கழித்துவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது, கேமரா பார்க்கும் என்று தெரிந்து அவன் அங்கே போயே இருக்கமாட்டான். இந்த இரண்டாவது எண்ணம் வந்ததும் அவள் சட்டையை மடிக்காமலே கீழே வைத்தாள்.

திருத்துவதில் இரண்டு சங்கடம். தப்பைத் தன் பெயரில் எழுத வேண்டும், அது போகட்டும். இன்னொன்று, கோட்டை அவளே உட்கார்ந்து இழுக்க வேண்டும். பார்க்காமல் இழுக்க முடியாது.

மறுநாள் ஆமாங்க சார் அவள் சொன்னதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். கமிட்டிக்குப் போக வேண்டிய கேஸ் கையை விட்டு நழுவுவது அவருக்குப் புரிந்தது.

"திரையால தப்பு நடந்துச்சுன்னு எழுதச் சொன்னா, நீங்களே தப்புப் பண்ணினதா எழுதறீங்க. இது உங்க மேலதான் வரும்."

"என் மேல வர வேண்டியதுதானே சார்."

"இன்கிரிமென்ட் நிக்கும். சீட்டே போனாலும் போகும்."

"பாஸ்வேர்டு போடுங்க சார். நேரம் ஆகுது."

முதலில் அவள் வேறொரு நாளின் பகல் படத்தை எடுத்தாள். படியில் யாரும் இல்லாத படம். அதை வைத்து, கருப்புக்குள் இருக்கிற கதவின் அடிக்கட்டை எங்கே இருந்தது என்று பழைய அளவைக் கொண்டு குறித்து, கோட்டை அதன் மேல் நிறுத்தினாள். ஒரு இம்மி கீழே இறங்கினால் மேல் படி மறையும், ஒரு இம்மி மேலே ஏறினால் கதவு திறந்தால் உள்ளே நிற்பவரின் கால் தெரியும். மவுஸை விட்டுவிட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். ஏசி குளிர் என்று பக்கத்து நாற்காலிப் பெண் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தாள். குளிர் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு அந்த அந்தி. ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை மட்டுமே பார்ப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முடிவு கொஞ்ச நேரம் தாங்கியது.

மகன் படியேறி வந்தான். மேல் படியில் நின்று, கோட்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினான். கை மணிக்கட்டு வரைக்கும் கருப்புக்குள் போய் வெளியே வந்தது. தட்டுகிறான். காத்திருந்தான். மறுபடி தட்டினான். பிறகு கதவுக்கு முதுகைக் கொடுத்து மேல் படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். படத்தில் சத்தம் கிடையாது. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, தோளுக்குப் பின்னால் இருக்கிற கருப்பிடம் பேசிக்கொண்டே இருந்தான். இடையில் நிறுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்டதற்கு ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி பேசினான். தெருவில் ஆட்கள் பஸ் நிலையத்துப் பக்கமிருந்து சிதறி ஓட ஆரம்பித்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முன்பு குடியிருந்த பெண் உட்கார்ந்து அழுத அதே படிகள். அவன் ஏழெட்டு வயதுக்குப் பிறகு அழுது அவள் பார்த்ததில்லை.

"போதும்" என்றார் ஆமாங்க சார். அவர் எப்போதோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லெறிஞ்ச நேரம் தாண்டிடுச்சு. பையன் இங்கதான் இருக்கான். நிறுத்துங்க."

அவள்தான் நிறுத்த வேண்டும். நிறுத்த அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

படிக்கட்டும் நேரமும் மட்டும் தெரிகிற துண்டை வெட்டி அனுப்பினார்கள். மகனை அடுத்த நாள் விட்டுவிட்டார்கள். அதற்குமுன் ஒரு கான்ஸ்டபிள் மஞ்சள் வீட்டுக்குப் போய் மாடிக் கதவைத் தட்டி, இப்படி ஒரு பையன் அன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்தானா என்று விசாரித்தார். சும்மா சரிபார்க்கத்தான். திறந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா.

வீட்டுக்கு வந்த மகன் குளித்தான், சாப்பிட்டான். கணவன் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "ஜெயிலுக்குப் போய் வெயிட் போட்டுட்டியே" என்று சிரிக்கப் பார்த்தான். மகனும் சிரிக்கப் பார்த்தான். அப்பா கை கழுவப் போன பிறகு அவன் கேட்டான்.

"பாத்தியாம்மா?"

அவள் பாத்திரத்தை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அது இருவருக்கும் நடுவில் எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

"படி தெரிஞ்சுது" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றிலிருந்து அவள் அந்த அறைப் பக்கம் போகும்போது செருமல் கொஞ்சம் தூரத்திலேயே ஆரம்பித்தது.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்கிரிமென்ட் நின்றது. நாற்காலி தப்பித்தது, அதற்கு ஆள் கிடைக்காத ஒரே காரணத்தால். இன்னொருமுறை தெருவில் ஒரு அடி மூடினாலும் வேலை போகும் என்று ஆமாங்க சார் நேரிலும் சொன்னார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இப்ப மேல எல்லாரும் உங்க கோட்டத்தான் பாத்துட்டிருக்காங்க." கமிட்டி இன்னும் உட்கார்ந்திருந்தது. அதற்கு வேறு கேஸ் கிடைக்கும், அது ஒன்றும் பெரிய காரியமல்ல.

மகன் சில வாரம் கல்லூரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, யாரும் கேட்காமலே, "அந்தப் பொண்ணு இப்பெல்லாம் வரதில்ல" என்றான். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவளும் கேட்கவில்லை. எங்கே போனாள், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்தக் கான்ஸ்டபிள் தட்டிய தட்டுதான் காரணமா, இல்லை வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இருந்தது. எந்த மாலையும் எந்தக் கேமராவையும் பின்னோக்கி ஓட்டலாம். அவள் ஓட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, தெருக் கேமராக்களை வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தபோது மஞ்சள் வீடு வந்தது. கதவும் ஜன்னலும் கருப்புக்குள் இருந்தன. கீழே படிக்கட்டு பளிச்சென்று திறந்து கிடந்தது. கைப்பிடிக் கம்பியில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு அட்டை கட்டித் தொங்கியது. காற்றில் அட்டை திரும்பித் திரும்பி ஆடியது. படியில் யாரும் இல்லை. வெகுநேரம் யாரும் வரவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்தாள். "அந்த வீடுதானேக்கா?"

"ம்."

"காலி பண்ணிட்டாங்க போல."

திரையக்கா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். கட்டத்தின் அடிக்கோட்டில் மவுஸை வைத்தாள். பிடித்தாள். கதவின் அடிக்கட்டையிலிருந்து கீழே, படி படியாக, கடைசிப் படி தெருவைத் தொடுகிற இடம் வரைக்கும் பழையபடி இழுத்துவிட்டாள். பதிவாகிவிட்டது என்று திரையில் வந்தது. கீழே அவள் பெயரும் நேரமும் வந்தன.

"அக்கா! என்ன பண்றீங்க? அங்கதான் யாருமே இல்லையே!"

அவள் அடுத்த கேமராவுக்குப் போயிருந்தாள். பிறகு ஏன் என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டபோதும், மாதங்கள் கழித்து ஆமாங்க சார் கூப்பிட்டு வைத்துக் கேட்டபோதும், கணவன் சிரித்துக்கொண்டே ஒருமுறையும் சிரிக்காமல் ஒருமுறையும் கேட்டபோதும், அவள் அதற்கு மட்டும் வாய் திறக்கவே இல்லை.